‘ஏலியன் சிக்னல்’ என்று செய்தி வந்தால்: ஒவ்வொரு படியாகச் சோதிக்கும் வழி

"விண்வெளியிலிருந்து மர்ம சிக்னல், விஞ்ஞானிகள் அதிர்ச்சி" என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, யூடியூபில் பச்சை முகத்தோடு வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் சில சமயம் ஒன்றுமே இருக்காது. சில சமயம் நல்லதோர் ஆய்வு இருக்கும், ஆனால் எது அளந்து கண்டது, எது யாரோ ஊகித்தது என்று பிரிக்க முடியாதபடி குழப்பி வைத்திருப்பார்கள். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் அந்த இரண்டையும் தாங்களே பிரித்துப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி.

இயற்பியல் பட்டம் எதுவும் வேண்டாம். கட்டம் போட்ட ஒரு நோட்டு, கைபேசி கால்குலேட்டர், பள்ளிக்கூட அளவுக்குப் பெருக்கல் வகுத்தல், இவ்வளவு போதும். கேள்விகளை வரிசை மாறாமல் கேட்பதுதான் முக்கியம். முதலில் நம்மைச் சந்தேகப்பட வேண்டும், அடுத்து இயற்கையை. இரண்டும் இல்லை என்று ஆன பிறகே வேற்றுலகவாசிகளைப் பற்றிப் பேசலாம். அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருநாள் "ஆம்" என்று பதில் வர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. முந்தைய கேள்விகளில் ஒன்றைக்கூடத் தாண்டிப் போகக் கூடாது என்று நான் சொல்வதும் அந்த ஆசையால்தான்.

முதல் படி: எண்களைத் தேடுங்கள்

செய்தியைப் படித்ததும் நோட்டில் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தொலைநோக்கி, என்ன அதிர்வெண், எவ்வளவு அகலமான சிக்னல் (எவ்வளவு அதிர்வெண் வீச்சில் பரவியிருந்தது), எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை முறை வந்தது. இவற்றில் குறைந்தது மூன்று விவரங்களாவது கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியை மூடிவிட்டு மூல ஆய்வைப் பற்றிச் சொல்லும் வேறு செய்தியைத் தேடுங்கள். "நாசா சொன்னது" என்பது இந்த ஐந்தில் சேராது.

இரண்டாம் படி: எவ்வளவு ஒல்லியானது?

நட்சத்திரங்களும் வாயு மேகங்களும் ரேடியோ அலைகளை வெளியிடுகின்றன. ஆனால் அந்த ஆற்றல் பரந்த அதிர்வெண் வீச்சில் சிதறிக் கிடக்கும். விண்வெளியில் இயற்கையாக உருவாகும் மிக ஒல்லியான சிக்னல்கள் மேசர் என்னும் வாயு மேகங்களிலிருந்து வருபவை. அவையும் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு சிக்னல் வந்தால், அதை ஏதோ ஒரு கருவி அனுப்பியிருக்கிறது என்று நம்பலாம். யாருடைய கருவி என்பதுதான் மீதிக் கேள்வி.

எந்த அதிர்வெண்ணில் தேடுவது? 1959-இல் ஜுசெப்பே கொக்கோனி, பிலிப் மோரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு யோசனை சொன்னார்கள். பிரபஞ்சத்தில் எங்கும் நிறைந்திருப்பது ஹைட்ரஜன். அது 1420 மெகாஹெர்ட்ஸில் இயல்பாகவே ரேடியோ அலை வெளியிடுகிறது. வானியல் தெரிந்த எந்த நாகரிகத்துக்கும் அந்த எண் தெரிந்திருக்கும், ஆகவே அங்கே கேட்டுப் பாருங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டே ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் தொலைநோக்கியை டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பிக் கேட்டார். அதில் எதுவும் அகப்படவில்லை. ஆனால் தேடல் அங்கேதான் தொடங்கியது.

1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை உலகம் முழுவதும் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று வானியலுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். செய்தியில் வரும் அதிர்வெண் இந்த வீச்சுக்குள் இருந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். வெளியே இருந்தால், அந்த அலைவரிசையைப் பூமியில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று உடனே பாருங்கள்.

மூன்றாம் படி: தொலைநோக்கியைத் திருப்பினால் மறைகிறதா?

மிக எளிமையான, மிகக் கறாரான சோதனை இது. தொலைநோக்கியை நட்சத்திரத்தை நோக்கி வைக்கும்போது சிக்னல் இருக்க வேண்டும். பக்கத்து வெற்றிடத்துக்குத் திருப்பினால் மறைய வேண்டும். மறுபடி நட்சத்திரத்துக்கு வந்தால் திரும்ப வர வேண்டும். எங்கே திருப்பினாலும் வந்துகொண்டிருந்தால் அது நம் ஊர் சத்தம்.

இந்தச் சோதனையில் தேறியும் கடைசியில் தோற்ற ஒரு சிக்னலைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 2019 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி, சூரியனுக்கு மிக அருகில் 4.2 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரி என்ற நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரேக்த்ரூ லிசன் என்ற தேடல் திட்டம் அந்தப் பதிவுகளை அலசியபோது 982.002 மெகாஹெர்ட்ஸில் ஒல்லியான ஒரு சிக்னல் அகப்பட்டது. மணிக்கணக்கில் நீடித்தது. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது இருந்தது, விலகியபோது இல்லை. அதற்கு பிஎல்சி1 என்று பெயர் வைத்தார்கள். 2020 டிசம்பரில் விஷயம் வெளியே கசிந்ததும் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆயிற்று.

நம் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். அகலம் தேறியது, திருப்பும் சோதனையும் தேறியது. ஆனால் 982 மெகாஹெர்ட்ஸ் பாதுகாக்கப்பட்ட வீச்சில் இல்லை, விமானப் போக்குவரத்துக் கருவிகளுக்கான பகுதியில் இருக்கிறது. அப்புறம், ஒரே ஒருமுறைதான் வந்தது. சோஃபியா ஷேக் தலைமையிலான குழு அதே பதிவுகளை மற்ற அதிர்வெண்களிலும் துருவிப் பார்த்தது. அதே சாயலில், அதே போக்கில் நகரும் சிக்னல்கள் டஜன் கணக்கில் கிடைத்தன. அவற்றின் இடைவெளிகள் மின்னணுக் கருவிகளில் வழக்கமாக இருக்கும் அலையியற்றிகளின் (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலையை உண்டாக்கும் பாகங்களின்) அதிர்வெண்களோடு பொருந்தின. அந்த உறவுக்காரச் சிக்னல்கள் தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பியிருந்தபோதும் தெரிந்தன. ஏதோ உள்ளூர்க் கருவிகளின் அலைகள் ஒன்றோடொன்று கலந்து பிறந்த குறுக்கீடு என்று 2021-இல் முடிவு வெளியானது.

அந்த முடிவு வந்த செய்தியை, முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள்? ஆகவே உங்கள் நோட்டில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்குக் கீழும் ஓராண்டு கழித்து முடிவை எழுத நாலு வரி இடம் விடுங்கள்.

நான்காம் படி: சமையலறைவரை சந்தேகப்படுங்கள்

இதுவும் பார்க்ஸில் நடந்ததுதான். 1998 முதல் அங்கே விநாடியின் சிறு பகுதியே நீடிக்கும் வினோதமான ரேடியோத் துடிப்புகள் அவ்வப்போது பதிவாகிவந்தன. பெரிட்டான் என்று பெயர். அலுவலக நேரத்தில், அதிலும் மதியச் சாப்பாட்டை ஒட்டி அதிகம் வந்தன. 2015-இல் எமிலி பெட்ரோஃப் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு நிற்கும் முன்பே யாராவது கதவைத் திறந்தால், அந்த நொடியில் ஒரு துடிப்பு வெளியே தப்பியது. வேண்டுமென்றே கதவைத் திறந்து பார்த்துத்தான் அதை உறுதிசெய்தார்கள்.

இதிலிருந்து அவசர முடிவுக்குப் போய்விடக் கூடாது. ஏறக்குறைய அதே சாயலில், 2001-இல் பதிவாகி 2007-இல் கண்டறியப்பட்ட இன்னொரு துடிப்பும் பார்க்ஸ் தரவில்தான் இருந்தது. அதுவும் அடுப்புதான் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அது உண்மையிலேயே தொலைதூரத்திலிருந்து வந்தது. வேக ரேடியோ வெடிப்பு என்று இன்று ஒரு துறையே அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. 2020-இல் நம் பால்வழியிலுள்ள காந்த நட்சத்திரம் ஒன்றிலிருந்தே அப்படியொரு வெடிப்பு வந்தது. அடுப்பைப் பிடித்ததால்தான் உண்மையான வெடிப்புகளை நம்பிக்கையோடு பிரித்தெடுக்க முடிந்தது.

ஐந்தாம் படி: கட்டத்தாளில் வரைந்து பாருங்கள்

இப்போது நோட்டை எடுங்கள். 1977 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிக் இயர் தொலைநோக்கியில் ஒரு சிக்னல் பதிவானது. சில நாள் கழித்து அச்சுத்தாளைப் பார்த்த ஜெர்ரி ஏமன் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு ஓரத்தில் ‘வாவ்!’ என்று எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் வட்டமிட்ட எழுத்துகள் ஆறு: 6, ஈ, க்யூ, யு, ஜே, 5. இதை ஏலியன்கள் அனுப்பிய சங்கேதச் செய்தி என்று பலர் நினைக்கிறார்கள். இவை சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதைக் கணினி அச்சிட்ட விதம், அவ்வளவுதான். பின்னணி இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்பதை 9 வரை எண்ணாகவும், அதற்குமேல் ஏ என்றால் 10, பி என்றால் 11 என ஆங்கில எழுத்தாகவும் அது அச்சிடும். அப்படிப் பெயர்த்தால் 6, 14, 26, 30, 19, 5 என்று வரும். ஒவ்வொன்றும் 12 விநாடி. மொத்தம் 72 விநாடி.

கிடையாக நேரத்தையும் செங்குத்தாக இந்த எண்களையும் வைத்து ஆறு புள்ளிகள் குத்தி இணையுங்கள். ஒரு மணி வடிவம் கிடைக்கும். மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. ஏன் இந்த வடிவம்? பிக் இயர் அசையாமல் இருந்தது. பூமி சுழலும்போது வானம்தான் அதன் பார்வைக்குக் குறுக்கே நகர்ந்து போகும். வானத்தில் நிலையாக இருக்கும் ஒரு புள்ளி அந்தப் பார்வைக்குள் நுழைந்து வெளியேற 72 விநாடி ஆகும். நடுவில் வரும்போது பலம் கூடும், ஓரங்களில் குறையும். பக்கத்துச் சாலையில் போகும் வண்டியின் குறுக்கீடு இந்த வடிவத்தில் வராது. அதிர்வெண்ணும் ஹைட்ரஜனுக்கு உரிய 1420 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் ஏமன் அப்படி எழுதினார்.

ஆனால் பிக் இயருக்கு இரண்டு பார்வைகள் இருந்தன. ஒன்றில் பட்டது சுமார் 3 நிமிட இடைவெளியில் மற்றதிலும் பட வேண்டும். ஒன்றில்தான் பட்டது. பிறகு எத்தனையோ பேர் அதே திசையில் கேட்டும் திரும்ப வரவில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை. உங்கள் நோட்டில் அதை ‘தெரியாது’ என்ற பத்தியில் எழுதுங்கள். ‘ஏலியன்’ பத்தியில் எழுதாதீர்கள். ஒருமுறை மட்டும் வந்ததை யாராலும் சோதிக்க முடியாது.

ஆறாம் படி: டாப்ளர் கணக்கு

ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடந்து போகும் ரயிலின் சத்தம் கடக்கும் நொடியில் கீழிறங்குவது எல்லோருக்கும் தெரியும். டாப்ளர் விளைவு என்பது இதுதான். ரேடியோ அலைக்கும் அதுவே நடக்கும். நாம் நிற்பது சுழலும் பூமியில். ஆகவே வானத்திலிருந்து ஒரே சீராக வரும் சிக்னலின் அதிர்வெண்கூட நமக்கு மெல்ல நகர்வதாகத் தெரியும். எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நகரும் வீதம் = அதிர்வெண் × முடுக்கம் ÷ ஒளியின் வேகம்.

பூமத்திய ரேகையில் சுழற்சியால் உண்டாகும் முடுக்கம், விநாடிக்கு விநாடி 0.034 மீட்டர். அதிர்வெண் 142 கோடி ஹெர்ட்ஸ். ஒளியின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர். பெருக்கி வகுத்தால் விநாடிக்குச் சுமார் 0.16 ஹெர்ட்ஸ். ஐந்து நிமிடத்தில் 48 ஹெர்ட்ஸ். ஒரு ஹெர்ட்ஸ் அகலமுள்ள சிக்னலுக்கு இது பெரிய நகர்வு, திரையில் சாய்ந்த கோடாகத் தெளிவாகத் தெரியும். கொஞ்சம்கூடச் சாயாமல் நேராக நிற்கும் கோடு என்றால், அனுப்பும் கருவியும் நம்மோடு சேர்ந்தே சுழல்கிறது, அதாவது தரையில் இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். சாய்வு இருந்தாலே வானம் என்றும் சொல்லிவிட முடியாது. மலிவான அலையியற்றிகள் சூடேறினாலும் அதிர்வெண் நகரும்.

இந்தச் சாய்வு எவ்வளவு தகவல் தரும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம். புணேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி, 45 மீட்டர் அகல ஆன்டெனாக்கள் முப்பது சேர்ந்தது. 2016 அக்டோபரில் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கும்போது அனுப்பிய மிக மெல்லிய ரேடியோ அலையை இங்கிருந்தே பிடித்தார்கள். கலத்தின் வேகம் மாறுவது கோட்டின் வளைவிலேயே தெரிந்தது. தரையைத் தொட வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு கோடு அறுந்தது. கலம் மோதி நொறுங்கியிருந்தது.

ஏழாம் படி: இயற்கையிடம் கேளுங்கள்

1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், தினமும் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஓடும் வரைபடத் தாளைக் கண்ணாலேயே அலசிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு கிறுக்கல். வழக்கமான குறுக்கீடு போலவும் இல்லை, நட்சத்திரம் போலவும் இல்லை. தாளை வேகமாக ஓடவிட்டு விரித்துப் பதிந்தபோது 1.337 விநாடிக்கு ஒருமுறை கடிகாரத்தைவிடத் துல்லியமாகத் துடித்தது. ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’ என்று அதற்கு விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள்.

அவர்கள் சோதித்த விதத்தை அப்படியே கடன் வாங்கலாம். முதலில், அது எப்போது வருகிறது? மனிதர்களின் சத்தம் 24 மணி நேரக் கணக்கில் வரும். ஆனால் நட்சத்திரங்கள் நம் தலைக்குமேல் திரும்ப வர 23 மணி 56 நிமிடமே ஆகும். அந்தக் கிறுக்கல் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக வந்தது, ஆகவே அது வானத்தில்தான் இருந்தது. அடுத்து, அனுப்புபவர்கள் ஒரு கிரகத்தில் இருந்தால் அந்தக் கிரகம் தன் சூரியனைச் சுற்றும், துடிப்புகளின் இடைவெளி அதற்கேற்பக் கூடிக் குறையும். அளந்து பார்த்ததில் பூமி சூரியனைச் சுற்றுவதன் விளைவு மட்டுமே தெரிந்தது. மூன்றாவதாக, டிசம்பரில் வானத்தின் வேறொரு மூலையில் பெல் இரண்டாவது துடிப்பைக் கண்டுபிடித்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நாகரிகங்கள் ஒரே நேரத்தில், ஒரே பாணியில் நமக்குச் சைகை காட்டுமா? அதோடு பச்சை மனிதர்கள் கதை முடிந்து பல்சார் பிறந்தது. வெடித்த நட்சத்திரத்தின் எஞ்சிய கரு அது, ஒரு நகரத்தின் அளவே இருந்து வெறிவேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம்.

2015-இல் பரபரப்பான டபெத்தா பொயாஜியன் நட்சத்திரமும் இப்படித்தான். அதன் ஒளி 22 சதவீதம் வரை மங்கியதும் ராட்சதக் கட்டுமானம் என்றார்கள். திடப்பொருள் மறைத்தால் எல்லா நிறமும் ஒரே அளவு மங்க வேண்டும். நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் மங்கியது. தூசிதான்.

எட்டாம் படி: தொலைவையும் திறனையும் பெருக்கிப் பாருங்கள்

"ஏலியன்களோடு பேச்சுவார்த்தை" என்று யாராவது சொன்னால் தொலைவை இரண்டால் பெருக்குங்கள். மிக அருகிலுள்ள பிராக்சிமாவுக்கே கேள்வி போய்ப் பதில் வர எட்டரை ஆண்டு. 1974-இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்துக்கு 1679 துணுக்குகள் (பிட்) கொண்ட செய்தி அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேரவே சுமார் 25,000 ஆண்டு ஆகும்.

அடுத்து திறன். வாயேஜர் 1 கலம் சுமார் 23 வாட் திறனில், 3.7 மீட்டர் தட்டு வழியாக அனுப்புகிறது. சுமார் 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அதைப் பெரிய ஆன்டெனாக்கள் கேட்கின்றன. பிராக்சிமா 40 லட்சம் கோடி கிலோமீட்டர், அதாவது 1,600 மடங்கு தூரம். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப பலம் குறைவதால் 1,600-ஐ 1,600-ஆல் பெருக்க வேண்டும்: 25.6 லட்சம். அதே அளவு தட்டிலிருந்து அதே பலத்தோடு கேட்க, 23 வாட்டுக்குப் பதில் சுமார் 5.9 கோடி வாட் தேவை. ஒரு சிறிய மின்நிலையத்தின் உற்பத்தி. பெரிய தட்டு இருந்தால் இது வெகுவாகக் குறையும். ஆக, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோடு ரேடியோத் தொடர்பு இயற்பியல்படி முடியாத காரியம் அல்ல. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த கணக்கு இதுதான்.

ஒன்பதாம் படி: அறிவிப்பு எப்படி வர வேண்டும்?

இதற்கு 1989-இலேயே சர்வதேச விண்வெளி அகாதமி வழியாக ஒரு நெறிமுறை உருவானது. கண்டவர் முதலில் மற்ற ஆய்வாளர்களிடம் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். உறுதியானதும் மறைக்காமல் வெளியிட வேண்டும். உலக அளவில் கலந்து பேசாமல் பதில் அனுப்பக் கூடாது. அதோடு, கண்டுபிடிப்பின் நம்பகத்தையும் முக்கியத்துவத்தையும் 0 முதல் 10 வரை மதிப்பிட ரியோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. வேறொரு நாட்டில், வேறொரு தொலைநோக்கியில், வேறொரு குழு அதே சிக்னலைக் கேட்டதா என்று தேடுங்கள். கேட்கவில்லை என்றால் காத்திருங்கள்.

பத்தாம் படி: நீங்களே வானத்தைக் கேளுங்கள்

இந்தச் சோதனைகள் கையில் படிய, அதே 1420 மெகாஹெர்ட்ஸை வீட்டு மாடியிலிருந்து பிடித்துப் பாருங்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் எனப்படும் யூஎஸ்பி ரேடியோ ஏற்பி, கம்பிவலை வைஃபை ஆன்டெனா ஒன்று, ஹைட்ரஜன் அதிர்வெண்ணுக்கான வடிகட்டியோடு கூடிய பெருக்கி, ஒரு லேப்டாப். ஆன்டெனாவைப் பால்வழி கடக்கும் அன்னம் விண்மீன் குழுவை நோக்கி வையுங்கள். சில நிமிடப் பதிவைச் சராசரி எடுத்தால் இரைச்சலுக்கு மேலே ஒரு மேடு எழும்பும், ஹைட்ரஜன் அதுதான். அந்தத் திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட மேடுகள் தெரிய வாய்ப்புண்டு. பால்வழியின் வேறு வேறு கரங்கள் வேறு வேறு வேகத்தில் நகர்வதால் அப்படி. ஒரு மேடு 1420.4-லிருந்து 190 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளியிருந்தால், டாப்ளர் கணக்குப்படி அந்த வாயு விநாடிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குகிறது.

பிறகு ஆன்டெனாவைப் பால்வழியை விட்டு விலக்குங்கள், மேடு நன்றாகத் தாழ வேண்டும். மறுநாள் நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்தை நோக்கி மறுபடி பதியுங்கள், மேடு அதே அதிர்வெண்ணில் எழ வேண்டும். எந்தத் திசையில் திருப்பினாலும் ஊசி போல ஒரு கோடு நின்றால், லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள்.